லூசா இருந்துச்சுடா

நேற்று ஆபீஸ் முடிந்து வந்து கராஜ் கதவைத் திறந்தால், என் விமானத்தின் வாலில் இருக்கிற நட்டுகளையெல்லாம் அப்பா இன்னொரு சுற்று முடுக்கி வைத்திருக்கிறார். "லூசா இருந்துச்சுடா" என்றார். அவ்வளவுதான் விளக்கம். டீ குடிக்கப் போய்விட்டார்.

அவர் சொல்லாவிட்டாலும் தெரிந்திருக்கும். விமானத்தில் ஒரு நட்டை முடுக்கியதும் அதன் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு இழுத்துவிடுவோம். டார்க் சீல் என்று பெயர். காய்ந்து கெட்டியாகிவிடும். பிறகு யார் திருகினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். வால் முழுக்க உடைந்த கோடுகள்.

மனிதன் ஏன் டெக்சாஸில் ஒரு வீட்டு கராஜில் விமானம் கட்ட வேண்டும் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அது இன்னொரு நாளைக்கு. நான் கட்டுவது ஆர்வி-7. இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து போகிற அலுமினிய விமானம். ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் 1973-ல் ஆரம்பித்த வேன்ஸ் கம்பெனி ஓரிகானிலிருந்து பெட்டி பெட்டியாக அனுப்பும். முதலில் வால். ரிவெட் அடிக்கப் பல இடங்களில் இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் ரிவெட் கன்னால் தட்டும்போது இன்னொருவர் பின்பக்கம் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். விசிட்டர் விசாவில் வந்த அப்பா இருக்கவே இருக்கிறார். திருச்சி பொன்மலை ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தவர். நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் செய்து கொடுத்த பட்டறை அது. கட்டை பிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கட்டையை வைத்துவிட்டு ஸ்பேனரை எடுக்கும்போதுதான் எனக்கு வயிறு கலங்கும்.

வாலில் மேலும் கீழும் அசைகிற எலிவேட்டரின் கீலில் போடுவது ஏஎன்-3 போல்ட். 20-லிருந்து 25 இன்ச் பவுண்டு வரை முடுக்கலாம். அதாவது, பத்து அங்குல ரெஞ்சின் நுனியில் ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டைத் தூக்குகிற பலம். ரயில் எஞ்சின் பார்த்த கைக்கு அது முடுக்குவதாகவே படாது. டார்க் ரெஞ்சைக் கையில் கொடுத்து, "க்ளிக்னு சத்தம் வந்ததும் நிறுத்திடுங்கப்பா" என்றேன். "கைக்குத் தெரியாதா?" என்றார். க்ளிக் என்றால் இனிமேல் ஆரம்பிக்கலாம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

அளவுக்கு மேல் முடுக்கிய போல்ட் இழுபட்டு நீண்டுவிடலாம். பார்த்தால் தெரியாது. தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்ட வேண்டியதுதான். தூக்கிப் போட வேண்டும் என்று நான் வாயை விட்டதும், "இரு, என்கிட்ட இருக்கு" என்று உள்ளே போய் எடுத்து வந்தார், ஹார்லிக்ஸ் பாட்டிலை.

உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். எங்கள் வீட்டுப் பாட்டில் கடல் கடந்து வந்திருக்கிறது. வடுமாங்காய்க்கும் பருப்புப்பொடிக்கும் நடுவில், பழைய பனியனில் சுற்றி. அம்மாவின் இட்லிப்பொடிக்கு இடமில்லை என்று பெட்டியை மூடிய அதே மனிதர்தான். பேப்பரைக் கீழே விரித்துக் கொட்டினார். மிக்ஸியின் ரப்பர் கால், கொசுவலைக் கொக்கி, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி, மறை தேய்ந்த நட்டு, மறை தேய்ந்ததே தெரியாத நட்டு. ஒவ்வொன்றுக்கும் ஸ்தல புராணம் உண்டு. இது தாத்தா காலத்துப் பம்புசெட்டில் இருந்தது, அந்தக் காலத்து இரும்பு, இப்போ வராது. இது அக்கா சைக்கிளில் மிஞ்சியது. அந்த சைக்கிள் ஏன் ஆடிக்கொண்டே இருந்தது என்பது இப்போதுதான் விளங்குகிறது.

ஏஎன்-3 என்பது சதுர அங்குலத்துக்கு 1,25,000 பவுண்டு இழுவையைத் தாங்குகிற எஃகு, மேலே காட்மியம் பூச்சு, அடையாளத்துக்குத் தலையில் ஒரு குறுக்குக் குறி உண்டு என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். தேடித் தேடி ஒன்றை எடுத்து, "இதுலயும் கீறல் இருக்கே" என்றார். ஏஎன்-3-ன் குறுக்களவு 4.76 மில்லிமீட்டர், உங்களுடையது 5, நுழையாது என்றேன். "கால் மில்லிமீட்டர்தானே? ஓட்டையில லேசா அரம் போட்டா போயிடும்."

எலிவேட்டர் கீலில். அரம்.

ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் கழற்றினேன். கழற்றிய ஏஎன்-3 போல்ட்டுகளைக் குப்பைத்தொட்டியில்தான் போட்டேன். காலையில் தொட்டியில் இல்லை. எங்கே போயிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். புதுசு எது, நீண்டது எது என்று கண்ணால் பிரிக்க முடியாத போல்ட்டுகள் இப்போது கொசுவலைக் கொக்கியோடு குடித்தனம் நடத்துகின்றன. இது எனக்குச் சிரிப்பாக இல்லை.

இன்னொன்று. இந்த நாட்டுச் சட்டப்படி வேலையின் பெரும்பகுதியை அமெச்சூர்களே செய்திருக்க வேண்டும். அத்தாட்சிக்குப் போட்டோ எடுத்து வைப்பார்கள். எல்லாப் போட்டோவிலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா நிற்கிறார். எடுத்தவன் நான், எதிலும் இல்லை. பெரியப்பாவிடம் வீடியோ காலில், "பிளேன் ஒண்ணு பண்ணிட்டிருக்கேன், பையன் கூடமாட ஒத்தாசை பண்றான்" என்கிறார். கட்டியவருக்கு ரிப்பேர்மேன் சான்றிதழ் கொடுப்பார்கள் என்று எங்கேயோ கேட்டுவிட்டு அதையும் விசாரித்தார். நல்லவேளை, குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களுக்கு அதைத் தருவதில்லை.

அவர் ஊர் திரும்ப இன்னும் மாதங்கள் இருக்கின்றன. டல்லாஸிலிருந்து திருச்சிப் பக்கம் யாராவது போவதாக இருந்தால் சொல்லுங்கள். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் கொடுத்தனுப்ப வேண்டும். இரண்டு கிலோதான் இருக்கும், செக்-இன் பெட்டியில் வைத்துவிடலாம். போன் செய்கிறவர்கள் என் நம்பருக்கே செய்யுங்கள். வீட்டு நம்பரை அப்பாதான் எடுப்பார்.