அலமாரி உச்சியில் ஷேவிங் பிரஷ்

ரெனே மக்ரித் 1952-இல் வரைந்த ‘தனிப்பட்ட மதிப்புகள்’ ஓவியத்தில் ஒரு படுக்கையறை. கட்டிலின் மேல் ராட்சதச் சீப்பு ஒன்று நட்டுக்குத்தலாக நிற்கிறது. நிலைக்கண்ணாடி பதித்த அலமாரியின் உச்சியில் ஷேவிங் பிரஷ் சாவகாசமாகப் படுத்திருக்கிறது. தரையில் அதே அளவுக்குப் பெருத்த கண்ணாடி டம்ளர், சோப்பு, தீக்குச்சி. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் நீல வானமும் வெள்ளை மேகமும். அசல், சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில். அச்சுப்பிரதி, எங்கள் ஹாலில் சோபாவுக்கு மேலே, கொஞ்சம் சாய்வாக. சாய்வுக்குக் காரணம் நான் ஆணி அடித்த லட்சணம். வருகிறவர்களிடம் மட்டும் அது நிலையாமையைக் குறிக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த உத்தியோகம் இந்த விளக்கம் சொல்வதுதான். நீலம் ஆழ்மனம். மேகம் விடுதலை. சீப்பின் ஆமையோட்டுப் பழுப்பு, மண்ணை விட்டுப் போகாத உடம்பு. தீக்குச்சி, பற்றிக்கொள்ளக் காத்திருக்கும் ஆசை. காபி ஆறிவிடும். விருந்தாளி தலையையும் ஆட்டுவார், கைக்கடிகாரத்தையும் பார்ப்பார். சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வரும்: “அந்த சோப்புக்கு என்ன அர்த்தம்னு கேளுங்க. குளிச்சிட்டு வந்து சொல்லட்டும்.”

உண்மையில் நிற ஞானம் எங்கள் வீட்டில் அவளிடம்தான் இருக்கிறது. எம்.எஸ். ப்ளூ, மயில் கழுத்து, அரக்கு, வெங்காயச் சருகு என்று கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பாள். ஒருமுறை புடவை முந்தானையையே கையில் கொடுத்து, மேட்சிங் ப்ளவுஸ் பிட் வாங்கிவர அனுப்பினாள். வாங்கி வந்ததை விரித்துப் பார்த்தாள். “ரெண்டும் பச்சைதானே?” என்றேன். அதோடு அந்த இலாகா என்னிடமிருந்து பறிக்கப்பட்டது.

எங்கள் சம்பந்திக்கு வாஸ்துவில் பிடிப்பு. படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “அலமாரி கன்னி மூலையா? அப்போ மேலே கனம் இருக்கிறது விசேஷம். ஆனா வீட்டுக்குச் சுவரே இல்லியே, அது ஆகாது” என்றார். என் ஆழ்மன விளக்கத்தைவிட இது எல்லோருக்கும் சட்டென்று புரிந்தது.

இத்தனைக்கும் மக்ரித்துக்குக் குறியீடு என்ற பேச்சே ஆகாது. அவர் வரைந்த பொருள் அந்தப் பொருள்தான், வேறொன்றின் பினாமி அல்ல. டாலி வேறு ரகம். 1931-இல் அவர் வரைந்த உருகும் கடிகாரங்களுக்கு ஐன்ஸ்டீனின் சார்பியல் வரைக்கும் போய் அர்த்தம் தேடினார்கள். மனிதர், வெயிலில் இளகிய கேமம்பெர் பாலாடைக்கட்டி என்று சொல்லிவிட்டார். மக்ரித் அந்த மாதிரி ஒரு கட்டித் துண்டுகூடத் தரமாட்டார். ‘தனிப்பட்ட மதிப்புகள்’ படத்தை விற்றுத்தர வேண்டிய நியூயார்க் வியாபாரி அலெக்சாண்டர் அயோலாஸ், இதைப் பார்த்தால் எனக்கு உடம்புக்கே ஆகவில்லை என்று புலம்பி எழுதினார். படம் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி என்று மக்ரித் பதில் போட்டார். சீப்பு தன் சமூகப் பொறுப்பைத் துறந்து, பயனற்ற ஆடம்பரப் பொருளாகிவிட்டது என்பது அவர் வாதம்.

இதைப் படித்தபோது என் வழுக்கையைத் தடவிக்கொண்டேன். எந்த வேலையும் இல்லாமல் கட்டிலை அடைத்துக்கொண்டிருக்கும் பழுப்பு நிற வஸ்து. எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு; பகல் பதினொரு மணிக்கு வந்தால் பார்க்கலாம்.

வான நீலத்துக்கு ஆழ்மனம் வரை போவதற்கு முன் இன்னொன்றையும் யோசிக்கலாம். மக்ரித் இளமையில் சுவர்த்தாள் தொழிற்சாலையில் வடிவம் வரைந்து சம்பளம் வாங்கியவர். வானத்தைச் சுவரில் ஒட்டுவது அந்தக் கைக்குப் பெரிய காரியமா? சம்சாரியும்கூட. பிரஸ்ஸல்ஸ் அருகே ஜெத் என்ற இடத்தில் 1930 முதல் 1954 வரை தரைத்தளக் குடித்தனம். தோட்டத்தில் பட்டறை இருந்தும், சாப்பாட்டு அறையில் கோட்டு சூட்டோடு நின்றுதான் படம் வரைவார். இதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. லுங்கியோடு நின்று அந்தப் படத்துக்கு விரிவுரை செய்கிறவனை அவள் பார்த்த பார்வைக்கு எந்த நிறத்தையும் ஈடு சொல்ல முடியாது.

படங்களுக்குப் பெயர் வைக்க மக்ரித் நண்பர்களையும் கூட்டுவார். தொப்பிக்காரர்கள் மழையாக வானத்தில் மிதக்கும் 1953 ஓவியத்துக்கு, ஹைதராபாத் பக்கத்து வைரக் கோட்டையின் பெயரான ‘கோல்கொண்டா’வைச் சூட்டியவர் கவிஞர் லூயி ஸ்குதனேர். நாமும் செய்வோமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களைக் கூட்டி, எங்கள் ஹால் படத்துக்குப் புதுப்பெயர் கேட்டேன். ஒருவர் ‘விஸ்வரூபம்’ என்றார். நான் ‘பிரபஞ்ச சயனம்’ என்றேன். பஜ்ஜித் தட்டோடு வந்தவள் படத்தை முதல்முறையாக நின்று பார்த்தாள்.

“‘எடுத்ததை எடுத்த இடத்துல வைக்காதவர்’னு வைங்க.”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ‘பிரபஞ்ச சயன’த்துக்கு என் ஓட்டுகூட விழவில்லை, தட்டு அவள் கையில் இருந்தது.