திண்டுக்கல்லில் ஒளிக்கதிர்: திருஷ்டி, குட்டை முதலியவற்றை முன்வைத்து ஒரு முன்னாய்வு

"இப்பொருள் குறித்துத் தமிழில் இதுவரை ஆய்வே நிகழவில்லை" என்று தொடங்குவது ஆய்வேட்டு மரபு. தேடிப் பார்க்காமலே எழுதலாம் என்பது அதன் வசதி. அவ்வாறே தொடங்குகிறேன்: வீடியோ கேமில் தேங்கிக் கிடக்கும் தண்ணீர் குறித்துத் தமிழில் இதுவரை ஆய்வே நிகழவில்லை.

ஆய்வுக் களம், திண்டுக்கல் சாலை ரோட்டுக்குப் பின்தெருவில் என் அக்கா வீட்டு மாடி அறை. (சாலையே ரோடாக இருக்க, சாலை ரோடு என்றால் என்ன என்னும் வினா மூன்று முனைவர் பட்டங்களைத் தாங்கும். இங்கே விட்டுவிடுகிறேன்.) ஆய்வுப் பொருள், அக்கா மகன் தவணையில் வாங்கிய கிராபிக்ஸ் கார்டு.

சொல்லாராய்ச்சி

அந்தக் கார்டு ஒளிக்கதிரைப் பின்தொடர்ந்து படம் வரையும் முறையான ரே டிரேசிங்கைக் 'கதிர்த் தடமறிதல்' என்பாரும், 'ஒளிச்சுவடு காணல்' என்பாரும், இருவரையும் மறுத்து மூன்றாவதாக ஒன்றைப் படைத்து அதற்குத் தாமே முன்னுரை எழுதுவாரும் உளர். ஆடுகிறவன் 'ஆர்டிஎக்ஸ்' என்கிறான். அவன் அப்பா அதை முதன்முறை கேட்டபோது, ஆர்எக்ஸ் 100 பைக் மறுபடி வந்துவிட்டது என்று மகிழ்ந்தார் (வாய்மொழித் தரவு, இரவுச் சாப்பாடு, இரண்டாம் தோசை).

வரலாறு

கதிரைப் பின்தொடர்ந்து படம் வரையும் முறையை 1968இல் ஐபிஎம்மின் ஆர்தர் ஆப்பெல் எழுதிவைத்தார். 1980இல் பெல் ஆய்வகத்தின் டர்னர் விட்டெட், கதிர் பட்டுத் திரும்புவதையும் கண்ணாடிக்குள் புகுந்து வளைவதையும் சேர்த்துப் பளபள உருண்டைகளை வரைந்தார். ஒரு படத்துக்கு 74 நிமிடம் பிடித்தது. 2018 ஆகஸ்டில் ஜெர்மனியின் கொலோன் நகரில் என்விடியா ஆர்டிஎக்ஸ் 20 வரிசையை அறிவித்து, இனி ஆடும்போதே இதெல்லாம் நடக்கும் என்றது. நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16.67 மில்லிநொடி. இடையில் நடந்தவற்றுக்குத் திருஷ்டியோடு சம்பந்தமில்லை, தவிர்க்கிறேன்.

திருஷ்டிக் கோட்பாடு

விளக்கிலிருந்து கிளம்பும் கதிர்களில் பெரும்பாலானவை நம் கண்ணுக்கு வருவதே இல்லை. அத்தனைக்கும் கணக்குப் போட்டால் கட்டுப்படியாகாது. ஆகவே கணினி தலைகீழாகப் போகிறது: பார்ப்பவர் கண்ணிலிருந்து கதிரை எய்து, அது எதில் மோதுகிறது, அங்கிருந்து எந்த விளக்குக்குப் போகிறது என்று தேடுகிறது. கண்ணிலிருந்துதான் கதிர் புறப்படுகிறது என்று யூக்ளிடும் தாலமியும் நம்பினர். நியாய தரிசனத்தாரும் அப்படியே. பதினோராம் நூற்றாண்டில் இபின் அல்ஹைதம் அதை மறுத்தார். மறுப்பு இன்னும் திண்டுக்கல்லுக்கு வந்து சேரவில்லை. இங்கே இன்றும் பக்கத்து வீட்டுக் கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டு, புது வீட்டில் மோதி, சுவரில் விரிசல் விடச் செய்கிறது (அம்மாச்சி, மிளகாய் சுற்றிப் போடுகையில் கூறியது, நெடி அடிக்காததால் முடிவு உறுதியானது).

கதிர் முதலில் எதில் மோதும் என்று கண்டுபிடிப்பதுதான் இந்த முறையில் பெருஞ்செலவு. அதற்கென்றே ஆர்டிஎக்ஸ் கார்டில் தனிக் கருக்களைப் பதித்தார்கள். நம் பாட்டிமார் மோத வேண்டிய பொருளையே வாசலில் கட்டித் தொங்கவிட்டார்கள். அதன் பெயர் திருஷ்டிப் பூசணி. மின்சாரம் வேண்டாம், விசிறி வேண்டாம், டிரைவர் அப்டேட் வேண்டாம். எனவே ரே டிரேசிங் தமிழர் கண்டுபிடிப்பு என்பது வெள்ளிடைமலை. ஆதாரம் கேட்போருக்கு: கடல் கொண்டுவிட்டது.

கணக்கு

ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ நொடிக்கு ஆயிரம் கோடிக் கதிர்களை எய்யும் என்றார்கள். மிரள வேண்டாம். 4கே திரையில் 82,94,400 புள்ளிகள். 60 படங்களுக்குப் பங்கிட்டால் ஒரு புள்ளிக்கு 20 கதிர். அதுவும் கார்டுக்கு வேறு வேலையே இல்லாவிட்டால். ஆட்டத்தில் ஒன்றிரண்டு தேறினால் புண்ணியம். அனிமேஷன் சினிமாக்காரர்கள் புள்ளிக்கு நூற்றுக்கணக்கில் எய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். கதிர் குறைந்தால் படம் ரவை தூவிய மாதிரி இருக்கும். ரவையைத் துடைக்க ஒரு மென்பொருள். அப்படியும் வேகம் போதாமல், கால்வாசிப் புள்ளிகளை வரைந்து மீதியை ஊகிக்க டிஎல்எஸ்எஸ். 2025இல் வந்த 50 வரிசை, வரைந்த ஒரு படத்துக்கு மூன்று படங்களைத் தானாக இட்டுக்கட்டும். கால்வாசியில் கால்வாசி, பழைய ரூபாய்க் கணக்கில் ஓரணா வரைந்தது, பதினைந்தணா ஊகம். சீரகச் சம்பா பிரியாணியில் இந்த விகிதத்தில் கறி போட்டால் திண்டுக்கல்லில் கடை நடத்த முடியாது. ஆய்வேடுகளில் இந்த விகிதம் ஏற்கப்படுகிறது.

பூட்டு

பித்தளைப் பூட்டின் பளபளப்பு ரே டிரேசிங்குக்கு உகந்தது. திண்டுக்கல் பூட்டுத் தொழிலின் பளபளப்புதான் போய்விட்டது.

குட்டைப் படலம்

ரே டிரேசிங்கோடு முதலில் வந்த பெரிய ஆட்டம், 2018 நவம்பரில் வெளியான 'பேட்டில்ஃபீல்டு 5'. அறிமுக விழாவில் தீப்பிழம்பு கார் கதவிலும் சிப்பாயின் கண்ணிலும் பிரதிபலிப்பதைக் காட்டினார்கள். குண்டு பறக்கும் இடத்தில் அடுத்தவன் கண்மணியை உற்றுப் பார்ப்பவன் அன்றைய ஆட்டத்தில் அதிக நேரம் இருப்பதில்லை. 'சைபர்பங்க் 2077'இல் தெருவெல்லாம் ஈரம். கதிரைக் காட்ட வேண்டிய ஆட்டங்கள் பெரும்பாலும் மழை நின்று ஐந்து நிமிடம் ஆன ஊரில், அப்போதுதான் துடைத்த தரையில் நடக்கின்றன.

இதைச் சரிபார்க்கத் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் களப்பணி மேற்கொண்டேன். குடிநீருக்கே ஆத்தூர் அணையை அண்ணாந்து பார்க்கும் ஊரில் குட்டைக்குக் காத்திருப்பது தவம். ஐப்பசியில் ஒருநாள் அகப்பட்டது. செம்மண் கலங்கல் குட்டையில் எதுவும் தெரியவில்லை. டீசல் படிந்த குட்டையில் வானவில் தெரிந்தது, பழனி பஸ் தெரியவில்லை. தெளிந்த குட்டை என்னும் மூன்றாம் வகையை நூல்கள் கூறுகின்றன, நான் நெருங்குவதற்குள் வத்தலக்குண்டு பஸ் அதன்மேல் ஏறி இரண்டாம் வகையாக்கிவிட்டது (ஆய்வாளரின் வெள்ளை வேட்டி, இடக்கால் பக்கம், முழங்காலுக்குக் கீழ் நான்கு விரற்கடை, மூலப்பிரதி சலவைக்குப் போய்விட்டதால் மறுபார்வைக்கு இயலாது, சலவைக்காரர் கருத்து தனியே பதிவு செய்யப்பட்டு, அச்சிடத் தகாதது எனக் கருதி விலக்கப்பட்டது).

ஆக, இயற்பியல் பிசகாமல் கதிர் எய்து திண்டுக்கல்லை வரைந்தால் கிடைப்பது பழுப்பு. அந்தப் பழுப்பை 1996இலேயே 'க்வேக்' ஆட்டம் கதிரை ஆட்டத்தினூடே எய்யாமல் தந்துவிட்டது.

சுட்டதும் சுடாததும்

'க்வேக்' செய்தது எளிது. ஒளியும் நிழலும் எங்கே விழும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். தொழிலில் அதைச் சுட்டுவைத்த ஒளி என்பார்கள். விளக்கை நகர்த்தினால் நிழல் நகராது, அதுதான் குறை. ரே டிரேசிங்கில் எல்லாம் அவ்வப்போது சமைத்தது, சுடாத ஒளி. ஔவையிடம் கேட்ட அதே கேள்விதான், விடைதான் மாறிவிட்டது. ஆர்டிஎக்ஸ் 5090 இழுப்பது 575 வாட். சித்திரை மாதத்தில், காரை போட்ட மொட்டைமாடிக்குக் கீழ் அறையில், சுடாத ஒளிதான் சுடுகிறது.

சோதனை

ரே டிரேசிங்கைப் போட்டும் அணைத்தும் இரு முறை ஒரே தெருவைக் காட்டச் சொன்னேன். அக்காவுக்கு இரண்டாவது பிடித்தது. ஏனென்று கேட்டதற்கு, "அதுலதான் கொஞ்சம் வெளிச்சமா இருக்கு" என்றாள். இரண்டாவது அணைத்தது.

"நின்னு பாருங்க மாமா, தண்ணியில போர்டு தெரியுதா?" என்றான் பையன். நின்று பார்த்தேன். தெரிந்தது, அழகாகவே இருந்தது. அதற்குள் சுட்டுவிட்டார்கள்.

பிறகு ஒரு வாரம் மாடிப்படியில் உட்கார்ந்து, அவன் அறியாமல் கவனித்தேன். தனியாக ஆடுகையில் அணைத்து வைத்திருக்கிறான். இல்லாவிட்டால் படம் திக்குகிறதாம். கீழே அவன் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டால், ஆட்டத்தை நிறுத்தி, ரே டிரேசிங்கைப் போட்டு, ஏதாவது ஒரு குட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறான்.