பொருள்: ‘இப்ப வந்துடும்’ தொடர்பாக

அனுப்புநர்: மும்முனை இணைப்பும் முந்நூறு லிட்டர் கடலும் வைத்திருக்கும் ஒரு வீட்டு நுகர்வோர்.

பெறுநர்: எங்கள் பகுதி மின் பிரிவு அலுவலகம். (ஊர்ப் பெயரை விட்டுவிட்டேன். எந்த ஊரைப் போட்டாலும் பொருந்தும்.)

பொருள்: கத்திரி வெயிலில் மின்தடை – வீட்டிலுள்ள கடல் மீன்கள் உயிரோடு இருத்தல் – நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

பார்வை: தங்கள் புகார் எண்ணில் கேட்ட ‘இப்ப வந்துடும் சார்’, பல்வேறு தேதிகள்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கொளத்தூர் அலங்கார மீன் கடைகளில் எனக்குத் தொட்டி விற்றார்கள், பம்ப் விற்றார்கள், கடல் உப்பு விற்றார்கள், பண்ணையில் பொரித்த கோமாளி மீனும் விற்றார்கள். கரண்ட் போனால் இவற்றை என்ன செய்வது என்று மட்டும் ஒருவரும் சொல்லித் தரவில்லை. அந்தப் பாடத்தைத் தங்கள் அலுவலகம்தான் எடுத்தது. அதுவும் செய்முறைப் பாடம், பெரும்பாலும் இரவு வகுப்பு, கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. அதற்கு என் முதல் நன்றி.

மீன் தண்ணீரில்தானே இருக்கிறது, அதற்கு எதற்குக் கரண்ட் என்று தாங்கள் கேட்கலாம். எங்கள் அம்மாவும் கேட்டார். “தண்ணிக்குள்ள இருக்கிறதுக்கு எதுக்குடா காத்து? வெளியில கெடந்து வேகுறவளுக்குப் போடு ஃபேனை.” நியாயம்தான். ஆனால் மீன் சுவாசிப்பது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனை. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடல் தண்ணீருக்கு 6 சொச்சம்தான் கொள்ளும். சூடு ஏற ஏற அந்தக் கையிருப்பும் குறையும், மீனுக்கோ மூச்சு கூடுதலாக வாங்கும். வரவு குறையும்போது செலவு ஏறுவது எப்படியிருக்கும் என்று தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டதே, அன்று எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் மூச்சு வாங்கியதை நான் என் காதால் கேட்டேன்.

மீனைவிட என் கவலை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களைப் பற்றியது. மீன் கழிக்கும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற கடைநிலை ஊழியர்கள் அவை. அவற்றுக்கும் ஆக்ஸிஜன் வேண்டும். மூடிய ஃபில்டருக்குள் ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் அவை சாகத் தொடங்கிவிடும். கரண்ட் வந்ததும் அந்த அழுகல் தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் பாயும். ஆகவே மின்தடை முடிந்த பிறகுதான் என் வீட்டில் ஆபத்து ஆரம்பம். தெரு முழுக்க ‘ஓ’வென்று கத்திக் கைதட்டும்போது நான் பாத்ரூமில் உட்கார்ந்து, தொட்டியிலிருந்து எடுத்த உப்புத் தண்ணீரில் ஃபில்டரைக் கழுவிக்கொண்டிருப்பேன். தாங்கள் கரண்டைத் திருப்பித் தந்ததற்கு ஒரு நாளும் கைதட்டாதவன் என்று என்மீது வருத்தம் இருந்தால், காரணம் இதுதான்.

பவளம் வைத்திருக்கிறேனோ என்று சந்தேகம் வேண்டாம். கல்பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. நான் சட்டத்துக்குப் பயந்தவன். தவிர, சூட்டில் பவளம் வெளிறுவதைப் பார்க்க என் வீட்டுக்கு வர வேண்டியதில்லை. 2016 கோடையில் மன்னார் வளைகுடாவிலேயே அது நடந்தது. அதற்குத் தங்கள் அலுவலகம் பொறுப்பில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அடுத்து, பேஸ் போகும் கலை. மூன்றில் ஒரு பேஸ் போனதும் எங்கள் குடியிருப்பில் அத்தனை வீடும் ஸ்விட்சைத் திருப்பி மிச்சமிருக்கும் இரண்டில் ஏறிக்கொள்ளும். ஏ.சி.யும் கூடவே ஏறும். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது படுக்கும். மூன்றாவதில் வருவதை வோல்டேஜ் என்று சொல்ல எனக்கு மனசு வராது. பல்பு செம்பருத்தி நிறத்தில் எரியும், பம்ப் முனகும், சுற்றாது, சூடாகும். முழுசாகப் போனாலாவது நிம்மதி.

இனி, பார்வையில் குறிப்பிட்ட வாசகத்துக்கு வருகிறேன். புகார் எண்ணில் நடக்கும் உரையாடல் ஒவ்வொரு முறையும் ஒன்றுதான்.

“சார், எங்க ஏரியால கரண்ட் இல்ல.”

“தெரியும் சார். வேலை நடந்துட்டிருக்கு.”

“எப்ப வரும்?”

“இப்ப வந்துடும் சார்.”

“இப்பன்னா?”

“இப்பதான் சார்.”

இந்த ‘இப்ப’ என் வீட்டில் என்ன செய்கிறது என்று கேளுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர். கணக்குப்படி 1,800 வாட்-ஹவர். கைக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. பழைய சீலிங் ஃபேன் ஒன்றுக்கு 75 வாட், தொட்டிக்குள் அலை அடிக்கும் சின்ன பம்புக்கு 10 வாட். தண்ணீரைக் குளிர்விக்கும் ‘சில்லர்’ கருவியை இதில் மாட்ட நினைப்பதே பாவம். நாலு மணி நேரத் தடை என்றால் எல்லா அறையிலும் ஃபேன், மீனுக்கும் பம்ப், யாருக்கும் சண்டை இல்லை. விடியும்வரை என்றால் குடும்பம் முழுக்க ஒரே அறையில், ஒரே ஃபேனுக்கடியில் படுக்க வேண்டும். நாளை சாயங்காலம் வரை என்றால் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுக்கலாம், அம்மாவை அக்கா வீட்டுக்கு அனுப்பலாம். மூன்றுக்கும் என்னிடம் திட்டம் உண்டு. ‘இப்ப வந்துடும்’ என்பதற்குத்தான் இல்லை. அதை நம்பினால் எல்லா ஃபேனையும் ஓடவிட்டு, நடுராத்திரியில் பேட்டரி தீர்ந்துபோய், தொட்டித் தண்ணீரைச் சொம்பில் மொண்டு டீ ஆற்றுவதுபோல் உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அப்படி ஊற்றினால் காற்று நன்றாகவே கலக்கிறது. தோள்தான் கழன்றுபோகிறது.

சூட்டுக்கு ஐஸ். அதை நேராகப் போடக் கூடாது, உருகினால் உப்பு நீர்த்துவிடும். பாட்டிலில் உறையவைத்து, மூடியோடு மிதக்கவிட வேண்டும், அதுவும் ஒவ்வொன்றாக. தண்ணீர் சடாரென்று குளிர்ந்தால் அதுவும் மீனுக்கு ஆகாது. ஃபிரிட்ஜில் உள்ள பாட்டில் தீர்ந்ததும் நான் போவது மீன் மார்க்கெட்டுக்கு. செத்த மீனுக்காக இருக்கும் ஐஸை உயிருள்ள மீனுக்கு வாங்குகிற ஒரே ஆள் நான் என்பதால் அங்கே எனக்குத் தனி மரியாதை. ஐஸ் கடைக்காரர் கேட்கிற முதல் கேள்வி, “எத்தன மணி நேரத்துக்கு வேணும் தம்பி?” ஐஸ் விற்கிறவருக்குத் தெரிகிறது இதுதான் கேள்வி என்று. நான் தங்கள் அலுவலகத்தை நினைத்துக்கொண்டு, “இப்ப வந்துடும்ணே” என்பேன். அவர் சிரித்துவிட்டு ஒரு பாளம் கூடுதலாகப் போடுவார்.

ஆள் பற்றாக்குறை என்பதை நான் அறிவேன். லைன்மேன் ஒருவரே நாலு தெருவுக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதையும், மழைக்கோட்டோடு கம்பத்தில் தொங்குவதையும் பார்த்திருக்கிறேன். அவர்மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. இருந்தாலும் ஒரு நிர்வாகத் தகவல்: கோமாளி மீன் கூட்டத்தில் தலைமை எப்போதும் பெண்ணுக்கு. அது இறந்துவிட்டால் அடுத்த நிலையில் இருக்கும் ஆண் தானே பெண்ணாக மாறிப் பொறுப்பேற்றுக்கொள்ளும். காலிப் பணியிடம், கூடுதல் பொறுப்பு, கோப்பு நிலுவை எதுவும் கிடையாது. அவ்வளவு தியாகத்தை நான் தங்களிடம் எதிர்பார்க்கவில்லை.

நான் எதிர்பார்ப்பது சின்னது, எனக்கு முன்பே எழுதியும் வைத்துவிட்டார்கள். 2020-ஆம் ஆண்டின் மின் நுகர்வோர் உரிமைகள் விதிகளைப் புரட்டிப் பாருங்கள். எதிர்பாராத பழுதினால் மின்சாரம் நின்றால் உடனே குறுஞ்செய்தி முதலான மின்னணு வழியில் நுகர்வோருக்குத் தெரிவிக்க வேண்டும். அதோடு எப்போது திரும்பும் என்ற உத்தேச நேரத்தையும் சொல்ல வேண்டும். உத்தேசம் போதும் என்று விதியே இறங்கி வந்திருக்கிறது. ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆனால் நானோ மீனோ வழக்குப் போட மாட்டோம். கேபிள் வெடித்துவிட்டது, நாளைக்குத்தான் என்றாலும் சொல்லுங்கள். கெட்ட செய்திக்கு ஏற்றபடி பேட்டரியைப் பங்கிட எனக்குத் தெரியும். அதையும் தாங்கள்தான் கற்றுக்கொடுத்தீர்கள். ஆகவே அடுத்த முறை ‘இப்ப’ இருக்கும் இடத்தில் ஓர் எண்ணைப் போட்டு உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள நுகர்வோர்.

நகல்:
1. அம்மா (தகவலுக்காக. ஃபேன் பற்றிய தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.)
2. மீன் மார்க்கெட் ஐஸ் கடைக்காரர் (‘எத்தன மணி நேரத்துக்கு’ என்ற தங்கள் கேள்வி உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது. பதில் வரும்வரை வழக்கம்போல் ஒரு பாளம் கூடுதலாகப் போடவும்.)