மடையர்களும் டாக்டர்களும்

மூச்சடக்குவது எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. 1896-ல் மதுரையில் பிணம்போல் படுத்து மூச்சடக்கிப் பார்த்த பையன் திருச்சுழிக்காரர்தான். பின்னால் ரமண மகரிஷி ஆனார். அவருக்கு எவ்வளவோ முன்பே, கண்மாய்க்குள் முங்கி மடை திறந்த மடையர்கள் இருந்தார்கள். அந்தப் பெயர்தான் வசவாகிப் போனது என்பார்கள். வசவு ஆள் மாறி விழுந்துவிட்டது என்பது என் கட்சி.

18-ம் நூற்றாண்டு ஐரோப்பாவில், தண்ணீரில் மூழ்கியவர்களைப் பிழைக்கவைக்கத் துருத்தியால் நெஞ்சுக்குள் ஊதினார்கள். ஓங்கி ஊதினால் பிராணி செத்தே போகிறது என்று 1827-ல் பாரிஸில் லெருவா என்பவர் செய்துகாட்டினார். துருத்தி பரணுக்குப் போனது. அவர் சொன்ன காரணமும் கூடவே போய்விட்டது போலிருக்கிறது. வெண்டிலேட்டர் வந்த பிறகு, புண்பட்ட நுரையீரலுக்குக் கிலோவுக்கு 10, 15 மில்லி என்று காற்றை அமுக்கினார்கள். கல்யாணப் பந்தியிலாவது இலையைக் கையால் மறைக்கலாம். வாயில் குழாயோடு கிடப்பவன் எதை மறைப்பான்?

நடுவில் ஒரு நல்ல காரியம். 1967-ல் டென்வர் டாக்டர்கள் 12 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள்: மூச்சு வெளியேறும்போதும் கொஞ்சம் அழுத்தத்தை உள்ளே நிறுத்தினால் காற்றுப்பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்வதில்லை. பலூன் ஊதிய பிள்ளைக்கு இது தெரியும், முதல் ஊதில்தானே கன்னம் வலிக்கும்?

மூச்சுக்குள் மருந்தும் விட்டுப் பார்த்தார்கள். 1993-ல் நைட்ரிக் ஆக்சைடு வாயு: ஆக்சிஜன் அளவு ஏறியது, சாவு இறங்கவில்லை. மானாவாரிக்காரன் விதைப்பெட்டியை எடுத்ததும் கலைந்துபோகிற மேகம்தான்.

2000-ல்தான், புண்பட்ட நுரையீரலோடு வெண்டிலேட்டரில் கிடந்த 861 பேரை இரண்டாகப் பிரித்து, கிலோவுக்கு 12 மில்லியா 6 மில்லியா என்று பார்த்தார்கள். குறைத்த பக்கம் சாவு நூற்றுக்கு 40-லிருந்து 31 ஆனது. கிலோ என்றால் தராசுக் கிலோ இல்லை, உயரத்தை வைத்துப் போடும் கணக்கு. 100 கிலோவில், 165 சென்டிமீட்டரில் ஒரு அருப்புக்கோட்டைச் சித்தப்பா இருந்தால், அவருக்கு 61 கிலோ ஆளின் காற்றுதான், சுமார் 370 மில்லி. எண்ணெய்ப் பரோட்டா தொப்பையைத்தான் வளர்த்தது, நுரையீரலை இல்லை.

அழுத்தத்துக்கும் வரம்பு வைத்தார்கள்: 30 சென்டிமீட்டர் தண்ணீர். ஆமாம், தண்ணீரில்தான் அளக்கிறார்கள். சித்திரையில் எங்கள் கண்மாயில் அவ்வளவு நின்றால் கிடா வெட்டுவோம்.

இந்த உயரத்துக்கு மேல் நின்றால் கரை உடையும், அதற்குமுன் மறுகால் போகட்டும் என்று கண்மாய் வெட்டியவன் அன்றைக்கே கலுங்கு வைத்துவிட்டான். டாக்டர்கள் கலுங்கு கட்ட, லெருவா காலத்திலிருந்து எண்ணினால், 173 வருஷம்.