எஞ்சினை இறக்க வைக்கும் போல்ட்

ஸ்டுட்கார்ட்,
ஜெர்மனி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,



தம்பி சென்னையில் பழைய போர்ஷே மக்கான் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறானாம். "அண்ணன் அந்தக் கம்பெனி இருக்கிற ஊரில்தானே இருக்கிறான், விசாரித்துச் சொல்லட்டும்" என்றார்களாம் சித்தி. தலைமையகம் இந்த ஊர் சுஃபன்ஹவுஸனில் இருப்பது வாஸ்தவம். ஆனால் பெட்ரோல் மக்கான் உருவானது லைப்சிக் தொழிற்சாலையில். மதுரையிலிருந்து சென்னைக்குப் போகிற தூரம் அது. இருந்தாலும் சித்தி சொல்லைத் தட்டமுடியாது.

மக்கான், 2013 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் கண்காட்சியில் முதலில் காட்டிய வண்டி. அடித்தளம் ஆடி க்யூ5 வகையறா. டர்போ மாடலில் 3.6 லிட்டர் வி6 எஞ்சின், 400 குதிரைசக்தி; நின்ற இடத்திலிருந்து 4.8 விநாடியில் நூறைத் தொடும், உச்ச வேகம் 266. ஆட்டோபானில் பல இடங்களில் வேகக் கட்டுப்பாடு கிடையாது, 130 என்பது யோசனை மட்டுமே. இவ்வளவும் இருந்து, ஞாயிறு காலையில் இத்தகைய வண்டிகளை அதிகம் பார்ப்பது ரொட்டிக்கடை வாசலில்தான். அரைக் கிலோமீட்டர் ஓட்டி, நாலு ப்ரெட்ஸல் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள்.

இந்த ஊர்க்காரர்கள் எண்ணெய்க் கசிவை எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால்தான் மீதி புரியும். இங்கே 'கேர்வோகெ' என்று ஒரு வழக்கம். அடுக்குமாடியில் படிக்கட்டையும் நடைபாதையையும் வாரம் ஒரு வீடு முறை வைத்துப் பெருக்கவேண்டும். முறை வந்த வீட்டுக் கதவில் ஓர் அட்டை தொங்கும். போன மாதம் தெருவில் நின்ற ஒரு காருக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. என்ன கம்பெனி என்பது வேண்டாம். பெருக்க வந்த மூன்றாம் மாடி அம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார், ஒரு வார்த்தை பேசாமல் மேலே போய்ப் பூனைக்கு வைக்கும் மணலை எடுத்துவந்து கறைமேல் கொட்டினார். பிறகு அழைப்புமணி. காரின் சொந்தக்காரர் பைஜாமாவோடு இறங்கி வந்தார். மெக்கானிக் கொடுக்கும் பில்லைக்கூட அந்த மனிதர் தாங்கிக்கொள்வார். அந்த அம்மாளின் பார்வையைத்தான் தாங்கமுடியவில்லை.

வீட்டில் தப்பித்தாலும் 'ட்யூஃப்' சோதனை விடாது. நம் எஃப்.சி. போன்றது, சொந்தக் காருக்கும் உண்டு. புது வண்டிக்கு மூன்றாம் ஆண்டு, அதன்பின் இரண்டாண்டுக்கு ஒருமுறை. எண்ணெய் சொட்டினால் ஸ்டிக்கர் கிடையாது.

இப்போது தம்பியின் விஷயம். மக்கான் வி6 வண்டிகளில் பரவலாகப் பேசப்படும் கோளாறு, எஞ்சினின் முன்பக்கத்து டைமிங் கவர் கசிவு. அந்த மூடியைப் பிடித்திருப்பவை அலுமினிய போல்ட்டுகள். சூடாகிச் சூடாகி ஆறுவதில் சிலவற்றின் தலை ஒடிந்துவிடுகிறது. பிடி தளர்ந்த இடத்தில் ஆயில் எட்டிப்பார்க்கிறது. போல்ட்டின் விலை பெரிதல்ல. அதை மாற்ற எஞ்சினையே கீழே இறக்கவேண்டும், கூலி அங்கேதான் கையைக் கடிக்கும். 400 குதிரைகளைத் தாங்கும் கிராங்க் ஷாஃப்ட் பழுதில்லாமல் இருக்க, சுண்டுவிரல் சமாசாரம் ஒன்று கஜானாவைக் காலி செய்வது ஜெர்மன் பொறியியலின் தனி அழகு.

அடுத்தது ட்ரான்ஸ்ஃபர் கேஸ். முன்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. உள்ளே எண்ணெயில் ஊறிய கிளட்ச் தகடுகள். எண்ணெய் பழசானால் தகடுகள் பிடித்துப் பிடித்து விடும். மெதுவாக உருளும்போது ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்தினால் வண்டி உதறும். சில வண்டிகளுக்கு எண்ணெயை மாற்றினாலே போதும். சிலவற்றுக்குப் பெட்டியையே மாற்றவேண்டி வரும். பறக்கும்போது ஒன்றும் தெரியாது, மவுண்ட் ரோடு சிக்னலில் தெரிந்துவிடும். ஆகவே ஓட்டிக் காட்டுகிறேன் என்று ஈ.சி.ஆரில் சீறிக் காட்டுபவரிடம் தம்பி மயங்கவேண்டாம். தி. நகரில் சாயங்காலம் ஓட்டச் சொல்லட்டும்.

2015-இல் மக்கான் எஸ், டர்போ இரண்டிலும் குறைந்த அழுத்த எரிபொருள் குழாய் கசியக்கூடும் என்று கம்பெனியே உலகெங்கும் ஏறக்குறைய 59,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பார்த்து வைத்திருக்கும் வண்டி அந்தக் காலத்ததானால், வேலை முடிந்ததா என்று சேஸிஸ் எண்ணைக் கொடுத்து டீலரிடம் கேட்கலாம். நான்கு சிலிண்டர் 2.0 லிட்டர் என்றால் டைமிங் கவர் கதை இல்லை. தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் இருக்கும் பிளாஸ்டிக் கூட்டில் கூலன்ட் கசிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும்.

ஒரு வேடிக்கை. ஏடிஏசி என்ற மோட்டார் சங்கத்தின் மஞ்சள் வண்டிகள், நடுவழியில் நின்ற கார்களை மீட்க நாடெங்கும் ஓடுகின்றன. எல்லாக் கம்பெனிக் கார்களையும் சேர்த்து அவர்கள் எடுக்கும் கணக்கில், ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் நிற்பது பேட்டரியால். டர்போவுமில்லை, கியர்பாக்ஸுமில்லை. இன்னொரு வேடிக்கை, மேலே சொன்ன கோளாறுகளையெல்லாம் தாக்குப்பிடித்த பெட்ரோல் மக்கானை ஐரோப்பிய யூனியனில் 2024-இல் விற்பனையிலிருந்து எடுக்க வைத்தது இணையப் பாதுகாப்பு விதி! பழைய மின்னணு அமைப்பை அதற்கேற்ப மாற்றுவது கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டார்கள்.

வாங்கவேண்டாம் என்று சொல்லவில்லை, சித்தப்பா. லிஃப்ட்டில் ஏற்றி, அடிக்கவசத்தைக் கழற்றி, எஞ்சினின் முன்பக்கம் ஈரமா என்று பார்க்கட்டும். அடிப்பாகம் புத்தம்புதிதாகக் கழுவித் துடைத்திருந்தால் ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கட்டும். டைமிங் கவர் வேலை முடிந்த பில்லும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் எண்ணெய் மாற்றிய பில்லும் இருந்தால் விற்பவர் கேட்கும் விலைக்கு ஓரளவு இணங்கிப் போகலாம். பில் வீட்டில் இருக்கிறது, அப்புறம் தருகிறேன் என்றால் பணமும் அப்புறம்தான்.

சித்திக்கு என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
அன்பு மகன்