மட்டப்பா மகிமை

பழைய வீடுகளைப் பற்றி என்னிடம் பேச்சுக் கொடுத்துவிடக் கூடாது. ராஜபாளையத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தி முடிவதற்குள் ஒரு மெட்ராஸ் டெரஸைக் கட்டி முடித்துவிடுவேன். தேக்கு உத்தரம், அதன்மேல் வரிசையாகக் கட்டைகள். கட்டைகளுக்கு மேலே சன்னச் செங்கல்லை நிறுத்தி, கோணவாட்டில் சுண்ணாம்பு வைத்துப் பிடிக்க வேண்டும். அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடைசியில் தட்டோடு. சித்திரை வெயில் அதைத் தாண்டி உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

இவ்வளவும் தெரிந்த நான்தான், தாத்தா கட்டிய அப்படியொரு மட்டப்பா வீட்டை இடித்துக் கான்கிரீட் போட்டேன். ஒரு மூலையில் ஒழுகியது. அந்த இடத்தை மட்டும் கொத்திச் சுண்ணாம்பு வைத்தால் போதும் என்றார் கொத்தனார். அவருக்கே பாடம் நடத்தி சிமென்ட் பூசச் சொன்னேன். சிமென்ட் வெடித்தது, அடுத்த மழையில் நாலு மூலையும் ஒழுகியது. உத்தரங்களை விற்றபோது, வாங்கியவர் பேரம்கூடப் பேசவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். திண்ணை? பைக் ஏற்ற இடைஞ்சல் என்று அதுவும் போனது.

அதற்காக வாய் அடங்கிவிடவில்லை. லீவுக்கு வந்த பிள்ளைகளை ஸ்ரீவில்லிபுத்தூர் திருமலை நாயக்கர் மஹாலுக்கு அழைத்துப்போய், 17ஆம் நூற்றாண்டுத் தூணையும் வளைவையும் காட்டி, "சுண்ணாம்புல கட்டுனா சுவரு மூச்சு விடும்டா" என்று முழங்கினேன். "அப்ப நம்ம வீட்ட ஏன் சித்தப்பா இடிச்சீங்க?" என்றான் அண்ணன் மகன். எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன்.

திரும்பி வந்தால் ஊருக்குள் காந்தி கலை மன்றம். முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா, தம் வீட்டையே அதற்காகக் கொடுத்தவர். மற்ற நாளாக இருந்தால் வண்டியை நிறுத்தி அரை மணி நேரம் பேசியிருப்பேன். அன்று ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

கான்கிரீட் கொதிக்கிறதே என்று ஏசி மாட்டினேன். குளிர் வெளியே போகக் கூடாதென்று தெருப்பக்க ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தேன். இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை ஜன்னலுக்கு வரி போட்டார்கள். அதற்குப் பயந்து அடைத்த ஜன்னல்களின் தடம் அங்கே பழைய வீடுகளில் இன்றும் தெரியும். அவர்களுக்காவது வரி மிச்சமானது. நான் ஜன்னலை அடைத்துவிட்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்வாரியத்துக்குக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.