கண்ணாடிக் குடில் கழுவுதல்: பாசியியல் நோக்கில் ஒரு மீள்பார்வை

1. தோற்றுவாய்

கழுவிய கண்ணாடி இருப்பது கண்ணுக்குத் தெரியாது. கழுவாத கண்ணாடியே தெரியும். ஆகவே கண்ணாடிக்குச் சான்று அழுக்கே என்பது பெறப்படும் (காண்க: இக்கட்டுரை, இதற்கு முந்தைய வாக்கியம்).

2. வரலாறு

லண்டன் கியூ தோட்டத்துப் பனைக்குடில் கட்டி முடிந்தது 1848-ல். அதில் ஏறத்தாழ 16,000 கண்ணாடிகள். உதகை தாவரவியல் பூங்காவின் தொடக்கமும் 1848. இரண்டுக்கும் ஆண்டு ஒன்றே என்பதால் ஒப்பாய்வுக்கு இடமுண்டு. முனைவர் பட்டங்கள் இதைவிடக் குறைந்த காரணத்துக்கும் வழங்கப்பட்டுள்ளன.

3. கருவிகள்

வாளி, பஞ்சு, மென்மையான பிரஷ். பிற, விரிவஞ்சி விடுத்தனம்.

4. பாசி

கூரையில் படியும் பாசி வெளிச்சத்தை மறைக்கும். அதனால் சுரண்டி எடுக்க வேண்டும். தோட்டக்காரர் சொல்வது இவ்வளவே. ஆய்வாளர் இவ்வளவில் அமைவரோ?

பாசியும் பச்சை. கீழே தொட்டியில் நிற்கும் பெரணியைப் போல அதுவும் வெளிச்சத்தைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்குகிறது. உரம் கேட்பதில்லை. பச்சையை வளர்க்கவே கட்டிய வீட்டில், கேளாமல் வளர்ந்த பச்சையைச் சுரண்டுவது அறமா? 'சுரண்டுக' என்போர் துடைப்பர் எனவும், 'விடுக' என்போர் விடுப்பர் எனவும் பெயர்பெறுவர். இரு சாராரும் ஒருவரையொருவர் படித்ததில்லை, மறுத்திருக்கிறார்கள்.

இனிப் பாகுபாடு. கண்ணாடியின் உட்பக்கம் படிவது அகப்பாசி. வெளிப்பக்கம் படிவது புறப்பாசி. அகப்பாசி ஈரத்தில் உருகும். புறப்பாசி மழையோடு போரிடும். இதுவரை சிக்கலில்லை. ஆனால் பழைய குடில்களில் ஒரு கண்ணாடியின் விளிம்பு அடுத்ததன் மேல் ஏறிப் படிந்திருக்கும். அந்த இடுக்கில் நீர் தங்கி, பஞ்சு நுழையாத ஆழத்தில் பாசி வளரும். அது அகமா, புறமா? அகப்புறம் என்பர் துடைப்பர். புறப்புறம் என்பர் விடுப்பர். இரு கண்ணாடிக்கும் பொதுவாதலின் பெருந்திணை என்பார் ஒருவர் உளர், அவர் இக்கட்டுரையாளரே (காண்க: இவரது வெளிவராத நூல், கிடைக்காத இரண்டாம் பாகம், கறையான் அரித்த பின்னிணைப்பு, மேலது, மேலதற்கும் மேலது கூரை, அதற்கு ஏணி வேண்டும், ஏணியை இரவல் கொண்டவர் விடுப்பர் மரபினர்).

தொட்டியில் பெயர் எழுதிச் செருகும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை அந்த இடுக்கில் நுழைத்து இழுத்தால் பாசி வந்துவிடும் என்கிறார் தோட்டக்காரர். இதில் கோட்பாட்டுப் பின்புலம் இல்லை.

5. மென்செடிகள்

ஆர்க்கிட்: குருத்தில் நீர் தேங்கினால் அழுகும்.

ஆப்பிரிக்க வயலட்: குளிர்ந்த நீர் பட்டால் இலையில் புள்ளி விழும்.

எச்செவேரியா: இலைமேல் சாம்பல் நிறத்தில் ஒரு மெழுகுப்பூச்சு உண்டு. துடைத்துவிட்டால் அந்த இலையில் அது பழையபடி திரும்பாது. தூசி என்று எண்ணி அதைத் துடைப்பவரும், இடைச்செருகல் என்று எண்ணி மூலத்தை நீக்கும் பதிப்பாசிரியரும் ஒருசாலை மாணாக்கர்.

ஆதலின் செடிகளை முதலில் வெளியே நிழலில் வைக்க. எடுக்க இயலாதவற்றை பிளாஸ்டிக் தாளால் மூடுக; மேகமூட்டமான காலையில் மூடுக, வெயிலில் மூடினால் செடி வெந்துவிடும். கூரையில் தொடங்கித் தரையில் முடிக்க. இவ்வரிசையை மாற்றியோர் தரையை இருமுறை கழுவினர்.

6. நஞ்சு

பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒருபோதும் கலக்கலாகாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய குடிலில் அது செடிக்கும் ஆளுக்கும் கேடு. இத்துறையில் கருத்து வேறுபாடே இல்லாத இடம் இது ஒன்றுதான். வேறுபட முயன்றோர் இருமலால் தம் வாதத்தை முடிக்கவில்லை. எதைக் கொண்டு கழுவினாலும் நல்ல நீரால் அலசிய பிறகே செடிகள் உள்ளே வரவேண்டும்.

7. முடிவுரை

அகப்புறப் பாசி பற்றி நாம் விவாதித்துக்கொண்டிருந்தபோதே தோட்டக்காரர் பட்டையை எடுத்து இடுக்குகள் அனைத்தையும் சுத்தம் செய்துவிட்டார். முதன்மைத் தரவு முழுவதும் வாளியில் போயிற்று. இத்தகைய அத்துமீறல் கண்டிக்கத்தக்கது. மீண்டும் பாசி படிந்து, அதன் திணை முடிவாகும்வரை எந்தக் கண்ணாடியையும் கழுவலாகாது என இக்கட்டுரை பரிந்துரைக்கிறது. வெளிச்சம் வேண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து செடிகள் மாற்றுக்கருத்துத் தெரிவித்துள்ளன. அடிக்குறிப்பு இல்லாமையால் அது ஏற்கப்படவில்லை.